மதகுக்குப் பத்துத் தலை

அக்டோபர் 6, வியாழன்

காலையில் சுள்ளென்று வெயில். நாலு மணிக்கு ராஜகிரி உச்சியில் மேகம். மலை முக்காடு போட்டால் மழை கிட்டத்தில் என்று செஞ்சிக் கடைத்தெருவில் சொல்கிறார்கள். பொய்யாகப் போகட்டும். ரெண்டு வருஷமாகக் காய்ந்து கிடக்கிற இந்தத் தாலுகாவில், மழை இப்போது வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிற ஒரே ஆள் நானாகத்தான் இருப்பேன். ஒரேயடியாக வேண்டாம் என்றில்லை. கொஞ்சம் பொறுத்து வரட்டும்.

கோணப்பட்டு ஏரி வேலை நிலவரம்:

பழைய கல் மதகைப் பெயர்த்தாயிற்று. அந்தக் கல் இடுக்கு வழியாகத்தான் இத்தனை காலம் தண்ணீர் கசிந்து கரையை உள்ளுக்குள்ளேயே தின்றிருக்கிறது.

புதுக் குழாய் போட்டாயிற்று. முன்சுவர், இரும்புக் கதவு, இரண்டும் முடிந்தது.

இதற்காகக் கரையை அடிவரை வெட்டிய இடம் மட்டும் அப்படியே திறந்து கிடக்கிறது. முன்பல் விழுந்த வாய் மாதிரி.

சிமெண்டு ஆடியிலேயே வந்திருந்தால் இந்நேரம் மூடியிருப்போம். வந்தது ஆவணிக் கடைசி. யாரை நோவது? இனி அரை அடி மண், அதன்மேல் தண்ணீர் தெளிப்பு, அதன்மேல் திமிசுக் கட்டையால் இடி. பிறகு அடுத்த அரை அடி. அவசரப்பட்டுக் கொட்டினால் மேடு வரும், கரை வராது.

ஏகாம்பரம் வந்து நின்றார். ஊர்ப் பெரியவர், மதகுக்கு நேர் கீழே நிலம் உள்ளவர். "இந்த வாட்டி தண்ணி நின்னுடும் இல்ல சார்?"

"மூடிட்டா நிக்கும்."

"மூடலன்னா?"

மூடாவிட்டால் ஏரியில் வருகிற தண்ணீர் எல்லாம் அந்த வெட்டு வழியாக அவர் நிலத்தின் மேலேயே போகும். அது அவருக்கும் தெரியும்.

மண் தூக்கும் பெண்களில் அஞ்சலை சொன்னால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். அவள் பையன் புங்கமரத்துத் தூளியில் கிடந்து காலை உதைத்துக்கொண்டிருந்தான். தலையைத் தடவி, "தலைச்சனா?" என்று கேட்டேன். "ஆமா சார். எங்க நைனா பேருதான் வச்சிருக்குது." பக்கத்தில் இன்னொருத்தி இடுப்பில் ஒன்று. "இதுவும் தலைச்சனா?" என்றேன். அவளும் சிரித்துக்கொண்டே ஆமாம் என்றாள்.

என் பெண்டாட்டி சரஸ்வதிக்கு ஏழாம் மாதம். இத்தனை வருஷம் கோயில் குளம் எல்லாம் சுற்றிய பிறகு. எந்தக் குழந்தையைப் பார்த்தாலும் இப்போது இந்தக் கேள்விதான் வாயில் வருகிறது. அசடு.

அக்டோபர் 8, சனி

வானம் மூட்டம். காற்று இல்லை. கடைவாய்ப் பல் வலி மறுபடி. கிராம்பு.

காலையில் தலை எண்ணினேன். ஆள் போதாது. வெட்டு இன்னும் இடுப்பு உயரம்கூட ஏறவில்லை. திமிசுக்காரர்கள் நாலு பேர்தான், ஆனால் நல்லவர்கள். இடிக்கும்போது பாட்டு வேறு. மண் வந்து சேர்வதுதான் தாமதம். குழியிலிருந்து களிமண் வெட்டி, கூடையில் ஏற்றி, கரைச் சரிவில் ஏறி வருவதற்குள் பெண்களுக்கு நாக்குத் தள்ளிவிடுகிறது.

பதினோரு மணிக்கு என் மேலதிகாரி ஏ.இ. ஜீப்பில் வந்தார். இறங்கவில்லை. வானத்தைப் பார்த்தார், வெட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இன்னும் ஆள் போடுங்க. மழைக்கு முன்னாடி மூடணும்." சரி சார். வெள்ளம் வருமுன் அணை போடச் சொன்ன பெரியவர்கள், மண்ணை யார் தூக்குவது என்று சொல்லாமல் போய்விட்டார்கள்.

ஏகாம்பரம் கீழே வரப்பில் போய்க்கொண்டிருந்தார். கரைமேலிருந்து கத்தினேன். "மதகு மூட இன்னும் பத்துத் தலை வேணும்! மழைக்கு முன்னாடி உள்ள இறக்கி மூடிடணும்!"

அவர் அங்கிருந்தே கையைத் தூக்கினார். "பத்து தலதான சார்? நான் ஏற்பாடு பண்றன்!"

கத்தியதில் தொண்டை கட்டிவிட்டது. ஆனால் மனசு கொஞ்சம் லேசாயிற்று. பத்துப் பேர் கூடுதலாக வந்தால் அமாவாசை தாண்டி ரெண்டு மூன்று நாளில் முடித்துவிடலாம்.

அக்டோபர் 9, ஞாயிறு

வேலை இல்லை. ரேஷன் கடையில் காலை முழுக்க. அரிசி புழுங்கல், கல் பாதி. சர்க்கரை தீர்ந்துவிட்டதாம். எனக்கு முன்னால் நின்றவர் தீர்ந்ததில்லை, ஒளித்ததுதான் என்றார். கடைத்தெருச் சுவரெல்லாம் எலெக்‌ஷனுக்கு இப்போதே சுண்ணாம்பு அடித்து இடம் பிடித்திருக்கிறார்கள்.

ச.வுக்குக் கால் வீக்கம். வெந்நீரில் உப்புப் போட்டு வைத்தேன். தீபாவளி வரை இங்கேயே இருந்துவிட்டு அப்புறம் கும்பகோணத்துக்கு அம்மா வீட்டுக்குப் போகிறேன் என்கிறாள். தலைப் பிரசவம் தாய் வீட்டில். "அதுக்குள்ள உங்க ஏரி முடிஞ்சிடுமா?" என்றாள். "என் ஏரியா அது?" என்றேன். "பேச்செல்லாம் அதானே" என்றாள்.

அக்டோபர் 10, திங்கள்

பத்துப் பேர் கூட வருவார்கள் என்று பார்த்தால், இருந்தவர்களிலேயே குறைகிறது. பெண்களில் மூன்று நாலு பேர் இல்லை. களையெடுப்பா என்றால் வயலில் களைகூட இல்லையே.

அஞ்சலை வந்தாள். தூளி இல்லை. "பையன் எங்க?" என்றேன். சும்மாதான் கேட்டேன். அவள் கூடையை இறக்கிவிட்டு நின்றாள்.

"எதுக்கு சார் கேக்கற?"

"சும்மா கேட்டேன்."

"ஊட்ல கீறான்."

அதற்குப் பிறகு என் பக்கமே பார்க்கவில்லை. மற்றவர்கள் குசுகுசு. நான் கிட்டே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. நான் என்ன செய்தேன்? போன வாரம் மண் காய்ந்திருக்கிறது என்று ஒருத்தியைச் சத்தம் போட்டேன். அதற்கா இத்தனை?

மண் ஒரே ஒரு அடுக்கு. மாலையில் தூறல். ஐந்து நிமிஷம். ஊரே வெளியில் வந்து முகத்தை நிமிர்த்திக்கொண்டு நின்றது. நான் மட்டும் வெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அக்டோபர் 11, செவ்வாய்

பாதிப் பேர்கூட இல்லை. ஏகாம்பரத்தைப் பிடித்துக் கேட்டேன். எங்கே நீர் ஏற்பாடு செய்த பத்துப் பேர்? தலையைச் சொறிந்தார். "சொல்லிட்டுதான் இருக்கறேன் சார். ஒருத்தரும் பிடி குடுக்கல. அமாவாச வருது இல்ல, எல்லாம் மேல்மலையனூர் போற கூத்துல இருக்காங்க. வந்துட்டா சரியாப்பூடும்."

சரியாகட்டும். பல் வலி. சைக்கிள் பின்சக்கரம் பஞ்சர், தள்ளிக்கொண்டே வந்தேன்.

அக்டோபர் 13, வியாழன். அமாவாசை.

அப்பாவுக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிட்டு ஏரிக்குப் போனேன். திமிசுக்காரர்கள் நாலு பேரும் நானும். அவ்வளவுதான். மேல்மலையனூர் ஸ்பெஷல் பஸ் ஒவ்வொன்றும் கூரை வரை ஆள் ஏற்றிக்கொண்டு போகிறது. அத்தனை ஜனமும் ஆளுக்கு ஒரு கூடை மண் போட்டிருந்தால் இன்று ஒரே நாளில் வெட்டு மூடியிருக்கும். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

நாங்களே வெட்டி, நாங்களே தூக்கி, நாங்களே இடித்தோம். கையில் கொப்புளம். சாயங்காலம் பார்த்தால் போட்ட மண் எங்கே என்று தேட வேண்டியிருக்கிறது.

அக்டோபர் 14, வெள்ளி

இன்று தெரிந்துவிட்டது. எழுதவே கை வரவில்லை.

காலையில் ஒருத்தியும் வரவில்லை. நேரே ஊருக்குள் போனேன். தெருவில் கோலி ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகளை ஒருத்தி ஓடிவந்து வாரிக்கொண்டு போனாள். கதவு சாத்துகிற சத்தம், ஒன்றன்பின் ஒன்றாக. எந்த வீட்டிலிருந்தோ, "புள்ள புடிக்கிறவன் வந்துட்டான்டா, உள்ள வா!" திரும்பிப் பார்த்தேன், யாரைச் சொல்கிறார்கள் என்று. எனக்குப் பின்னால் யாரும் இல்லை.

ஏகாம்பரம் வீட்டில்தான் விஷயம் வெளியே வந்தது. அவரும் நேற்று மேல்மலையனூரில்தான் கேள்விப்பட்டாராம். கோணப்பட்டு மதகு நிற்க மாட்டேன் என்கிறதாம். பத்துத் தலைச்சன் பிள்ளைகளைக் காவு கேட்கிறதாம். குழாய்க்குள் இறக்கி மண்ணைப் போட்டு மூடப் போகிறார்களாம். பிள்ளைகளைப் பிடித்துத் தருவதாக ஏகாம்பரமே ஒத்துக்கொண்டாராம்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிஜமாகவே வாய்விட்டுச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. "சிரிக்காத சார். என் தம்பி பொண்டாட்டியே என் ஊட்டுக்கு வரமாட்டேங்குது."

அஞ்சலை வீட்டுக்குப் போனோம். வாசலில் குறுக்கே நின்றாள். பையன் அவள் புடவைக்குப் பின்னால்.

"நீதான சார் கரை மேல நின்னு கத்தன, பத்து தல வேணும், உள்ள எறக்கி மூடணும்னு? என் காதால கேட்டேன்."

"தலைன்னா ஆள் அம்மா. வேலைக்கு ஆள்."

"அப்ப ஆளுன்னு சொல்றதுக்கு இன்னா? அதுக்கு ரெண்டு நாளு முன்னாடியே என் புள்ள தலய தடவி தலச்சனான்னு கேட்டியே, அது இன்னாத்துக்கு? அவ புள்ளையும் கேட்டியே."

என் பெண்டாட்டிக்குத் தலைச்சன் வரப்போகிறது, அந்த ஆசையில் கேட்டேன் என்று சொன்னேன். சொல்லும்போதே எனக்கே பொய் மாதிரிக் கேட்டது. அவள் முகம் மாறவில்லை.

"எனக்கு ஒண்ணுதான் சார் கீது. அதுக்கப்பறம் தரிக்கல. ஏரி இல்லாம ரெண்டு வருசம் இருந்துட்டோம். இன்னும் ரெண்டு வருசம் இருப்போம்."

கதவு சாத்திவிட்டாள். அவளைத் திட்டலாம் என்று பார்க்கிறேன், வாய் வரவில்லை. அவள் இடத்தில் இருந்தால் நானும் சாத்தியிருப்பேன்.

ஊரில் பாலம் கட்டினாலும் அணை கட்டினாலும் இப்படி ஒரு புரளி கிளம்புவது கேட்டதுதான். ஆனால் அதற்குச் சொல்லை எடுத்துக் கையில் கொடுத்தவன் நான். காலையில் தலை எண்ணு, தலைக்கு இத்தனை கூடை என்று வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் பேசிப் பழகிய வாய்.

அக்டோபர் 15, சனி

தளவானூர் வரை சைக்கிள் மிதித்தேன், அங்கிருந்தாவது ஆள் கிடைக்குமா என்று. எனக்கு முன்னாலேயே புரளி பஸ் ஏறிப் போய்ச் சேர்ந்துவிட்டது. "கோணப்பட்டு மதகா? வாணாம் சாமி, ஆள வுடு." அங்கே ஒரு கிழவர் என்னைக் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டார், பத்தும் கிடைத்துவிட்டதா, இன்னும் பாக்கி இருக்கிறதா என்று.

வீட்டுக்கு வந்தால் ச. சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்காரச் செட்டியாரம்மா மத்தியானம் வந்து சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். "அம்மா, நீயும் தலச்சன சொமக்கற. ஊட்டுக்காரரு மண்ணு மிதிச்ச கால்லயே உள்ள வராரு. பாத்து இருந்துக்கோ."

ஆதியோடந்தமாகச் சொன்னேன். ச. நடுவில் சிரித்தாள்கூட. அப்புறம் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"எனக்குத் தெரியுதுங்க. வெறும் புரளிதான். ஆனா பயமா இருக்கு. நான் இப்பவே அம்மாகிட்ட போயிடறேன்."

"நீ போனா ஊர் என்ன சொல்லும்? அவன் பெண்டாட்டியே பயந்து ஓடிட்டான்னு சொல்லாதா?"

"சொல்லட்டும்."

அவள் பெட்டியில் துணி வைக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அக்டோபர் 17, திங்கள்

ச.வைத் திண்டிவனம் பஸ்ஸில் ஏற்றி விட்டேன். அங்கே ரயில். துணைக்கு அவள் தம்பி வந்திருந்தான். ஜன்னல் வழியாக, "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுன்னு நினைச்சுக்குங்க" என்றாள், என்னைத் தேற்றுகிற மாதிரி. சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டாள். பஸ் கிளம்பிவிட்டது.

தமிழில் இந்தத் தலை இல்லாமல் ஒரு நாள் பேச முடியாது போலிருக்கிறது. தலையெழுத்து. தலைவலி. தலைமேல் வேலை. தலை தீபாவளி. தலைமறைவு. தலைவிதி. காலையிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்கிறேன். பைத்தியம் பிடித்துவிடும்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. தூறல் இல்லை, மழை. போட்ட மண் சேறாகிவிட்டது. இந்தச் சேற்றில் திமிசு போட்டால் கட்டை உள்ளே போகிறது, மண் இறுகவில்லை. நாலு பேரும் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.

அக்டோபர் 18, செவ்வாய்

மழை விட்டு விட்டு. ஏரியில் நடுப்பள்ளத்தில் தண்ணீர் தேங்கியிருக்கிறது. தவளைகள் எங்கிருந்துதான் வந்தனவோ.

ஏகாம்பரம் யோசனை: தண்டோரா போட்டு ஊருக்கு விளக்கிவிடலாம். சரி என்றேன். வேறு வழி? நானே வாசகம் சொல்லிக் கொடுத்தேன். பறை அடிப்பவர் அதைத் தெருத் தெருவாகச் சொல்லிக்கொண்டு போனார். "இதனால் சகலருக்கும் அறிவிக்கறது இன்னான்னா, மதகுக்குத் தல வாணாம், ஆளுதான் வேணும், ஆளுதான் வேணும்!"

அரை மணியில் கீழத்தெருவில் ஓலம். வெறும் தலையோடு விடுவதாக இருந்ததாம், இப்போது முழு ஆளையே கேட்கிறதாம். பெரியவர்களையும் விடாதாம். இதுவரை வந்துகொண்டிருந்த திமிசுக்காரர் நாலு பேரில் ரெண்டு பேர் சாயங்காலம் சொல்லாமல் போய்விட்டார்கள்.

சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல இருக்கிறது. யாரை?

அக்டோபர் 19, புதன்

மழை. ஏ.இ.க்குச் சொல்லி அனுப்பினேன். சாக்கில் மண் கட்டி அடுக்கச் சொல்லிப் பதில். சாக்கு அனுப்பியிருக்கிறார். அதில் மண்ணை அள்ளிப் போடுவது யார் என்று அவரும் சொல்லவில்லை.

ஏரியில் தண்ணீர் ஏறுகிறது. மதகுக் கதவை முழுக்கத் தூக்கிவிட்டேன். வருகிற தண்ணீரில் கொஞ்சமாவது குழாய் வழியாகப் போகட்டும், வெட்டில் இருக்கிற இளமண்ணைத் தொடாமல் இருக்கட்டும் என்று. ரெண்டு வருஷம் கழித்து வந்த முதல் தண்ணீரை நானே வெளியே விடுகிறேன். எதிர்க்கரையில் ஆட்கள் கூடி நின்று பார்த்தார்கள். ஒருத்தி மண்ணை வாரித் தூற்றினாள். ஏகாம்பரம் மட்டும் என் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றார். தன் நிலத்தில் பாய்கிற தண்ணீரைக் கண்ணெடுக்காமல் பார்த்தார். "பயிரு இல்லாத நெலத்துக்கு எவ்ளோ தண்ணி பாரு சார்."

அவரும் அவர் ரெண்டு மகன்களும் நானும் மிச்சமிருந்த திமிசுக்காரர்களும் சாக்கு அடுக்கினோம். தண்ணீர் ஏறுகிற வேகத்துக்கு நாங்கள் ஏறவில்லை.

அக்டோபர் 21, வெள்ளி

போய்விட்டது.

காலையில் போனதும் பார்த்தேன். பழைய கரையும் புது மண்ணும் சேருகிற இடத்தில், அடியில், விரல் கனத்துக்கு ஒரு கசிவு. தெளிந்த தண்ணீராக இருந்தால் பயமில்லை. கலங்கல். உள்ளே மண் கரைகிறது என்று அர்த்தம். சாக்கை வைத்து அழுத்தினேன். பக்கத்தில் இன்னொரு இடத்தில் வந்தது.

ஏகாம்பரம் ஊரைப் பார்த்து ஓடினார். "ஏரி போவுது! ஏரி போவுது!"

அந்தச் சத்தத்துக்கு ஊரே வந்தது. இத்தனை நாள் கெஞ்சியும் வராத ஊர். ஆண், பெண், கிழம் எல்லாம். அஞ்சலை முன்னால் ஓடி வந்தாள், தலையில் கூடையோடு. யாரும் சொல்லவில்லை, அவர்களே வரிசை கட்டினார்கள். கைக்குக் கை மண் வந்தது. நான் எண்ணாமலே தெரிந்தது, கேட்டதைவிடப் பத்து மடங்கு. மழையிலும் என் உடம்பு கொதித்தது. ஒரு வாரத்துக்கு முன்னால் ஒரே ஒரு நாள் இவர்கள் இப்படி வந்திருந்தால்!

புது மண் நனைந்த வெல்லம் மாதிரி அப்படியே உட்கார்ந்தது. "எல்லாரும் மேல ஏறு!" என்று கத்தினேன். நல்லவேளை, ஏறிவிட்டார்கள். அப்புறம் எங்கள் கண்ணெதிரே சாக்கு, மண், முன்சுவரில் பாதி எல்லாம் கீழே போயிற்று. குழாயும் போயிற்று. மத்தியானத்துக்குள் ஏரி காலி.

யாரும் சாகவில்லை. இதை மறக்காமல் எழுதி வைத்துக்கொள்கிறேன். யாரும் சாகவில்லை. ஏகாம்பரத்தின் நிலம் முழுக்க மணல். அவர் வரப்பு இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தார். கிட்டே போக எனக்குத் தைரியம் இல்லை.

அக்டோபர் 22, சனி

நல்ல வெயில். மழைக்கு என்ன வெட்கம்!

மழைத் தண்ணீரோடு எங்கிருந்து வந்ததோ, காலி ஏரியில் மீன் துள்ளுகிறது. ஊர்ப் பிள்ளைகள் அத்தனையும் சேற்றில் இறங்கி மீன் பிடிக்கின்றன. அம்மாக்காரிகளே விட்டுவிட்டார்கள். இனி மதகு இல்லை, பயமும் இல்லை. தலைச்சன், இடைச்சன், கடைக்குட்டி எல்லாம் ஒரே சேறு. அஞ்சலை பையன் உள்ளங்கையில் ஒரு குறவைக் குஞ்சை வைத்துக்கொண்டு என்னிடம் காட்ட வந்தான். தலையைத் தடவக் கை போயிற்று. இழுத்துக்கொண்டேன்.

அஞ்சலை கிட்டே வந்தாள்.

"ஒம்மேல தப்பு இல்ல சார். இப்பதான் தெரியுது."

பரவாயில்லை அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன்.

"நீ கேக்கல சார். ஏரிதான் கேட்டிருக்குது. நாங்க குடுக்கல. அதான் பூட்ச்சி."

இரக்கத்தோடுதான் சொன்னாள். அதுதான் தாங்கவில்லை. புரளி என்று நான் சொன்னதை நேற்று கரையே உடைந்து நிஜமாக்கிவிட்டது. இனி இந்த ஊரில் நான் எதைச் சொன்னாலும் எடுபடாது. இவள் பேரப்பிள்ளைகள் காலத்திலும் இதைத்தான் சொல்வார்கள்.

அக்டோபர் 26, புதன்

ஏ.இ. வந்தார். இந்தத் தடவை ஜீப்பிலிருந்து இறங்கினார். உடைப்பைச் சுற்றி அரைவட்டமாக ஒரு தற்காலிகக் கரை போட்டால் நவம்பர் மழையையாவது பிடிக்கலாம் என்றார். பிடிக்கலாம்தான். ஆள் வந்தால்.

ஏகாம்பரம் மணல் அள்ளுவதை விட்டுவிட்டு வந்திருந்தார். ஒரு வாரத்தில் கன்னம் ஒட்டிவிட்டது. அவர்தான் சொன்னார். "ஊர்ல பேசிட்டாங்க சார். புள்ள குடுக்க முடியாது. அதுக்குப் பதிலா ஒரு கெடா. ஒரு தலயாவது குடுத்தாத்தான் பொம்பளைங்க மண்ணு தூக்குவாங்க."

ஏ.இ. என்னைப் பார்த்தார். அப்புறம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார். "நான் ஒண்ணும் கேக்கல. வேலை ஆகணும்." ஜீப் போய்விட்டது.

ச.விடமிருந்து கார்டு. சௌக்கியம். குழந்தை நன்றாக அசைகிறது. கடைசி வரியில், "ஏரி நின்றதா?" பதில் எழுத உட்கார்ந்தேன். சௌக்கியம் என்று மட்டும் எழுதி முடித்தேன்.

அக்டோபர் 30, ஞாயிறு

மூட்டம். காற்று கிழக்கிலிருந்து. மலை மறுபடி முக்காடு போட்டுவிட்டது.

விடிந்ததும் உடைப்பு ஓரத்தில் ஊர் கூடியிருந்தது. பெண்கள் எல்லாரும் கூடையோடு. எத்தனை பேர் என்று எண்ணவில்லை. கறுப்புக் கிடா, கழுத்தில் வேப்பிலை. யாரோ என்னை முன்னால் தள்ளி நிறுத்தினார்கள். நான் இதற்கு வரக்கூடாது என்றுதான் படுத்தேன். எழுந்து சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

இன்று இந்தக் கிடா தலையைக் கொடுத்துவிட்டால் கரை நிற்கும். களிமண்ணாலும் திமிசாலும்தான் நிற்கும், ஆனால் கிடாவால் நின்றது என்பார்கள். நிற்காவிட்டால், கிடா போதவில்லை என்பார்கள். ரெண்டில் எதைச் சொன்னாலும் முதலில் கேட்டது என் வாய்.

கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றினார்கள். அது தலையைச் சிலிர்த்து ஆட்டினால் உத்தரவு கொடுத்துவிட்டது என்று கணக்கு, அதற்குப் பிறகுதான் வெட்டுவார்கள். ஆட்டவில்லை. மறுபடி ஒரு குடம். ஆட்டவில்லை. தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு ஏரியைப் பார்த்தது. மூன்றாவது குடம். கூட்டத்தில் முணுமுணுப்பு. ரெண்டு பெண்கள் கூடையைக் கீழே வைத்துவிட்டார்கள். காற்றில் ஒரு துளி என் கையில் விழுந்தது.

அஞ்சலைதான் பேசினாள். "அது குடுக்க மாட்டேங்குது. ஏரி கேட்டது சாரு வாயாலதான். சாரே உத்தரவு குடுக்கட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஏகாம்பரம் கையைக் கூப்பிக்கொண்டிருந்தார்.

தலையை ஆட்டினேன்.